நேரான ஒரு துளை

மரத்தொழிலின் சிறப்பைப் பேசுவோர் இழைப்பின் வழவழப்பைப் பேசுவர். பொருத்தின் இறுக்கத்தைப் பேசுவர். செதுக்கிய பூவேலையைத் தடவிப் பார்த்து வியப்பர். துளையைப் பற்றிப் பேசுவோர் எவரும் இலர். துளை என்பது என்ன? மரம் இல்லாத இடம். ஆணியோ முளையோ போல்ட்டோ உள்ளே சென்றுவிட்டால், இல்லாத அந்த இடமும் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆயினும் ஒரு நாற்காலி முப்பது ஆண்டு நிற்பதும் மூன்றே மாதத்தில் ஆடத் தொடங்குவதும் பெரும்பாலும் மறைந்துபோன அந்த இடத்தைப் பொறுத்தே அமைகின்றன.

மரவேலை இறைத்தூதர்களின் கைபட்ட தொழில். நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி. நபி நூஹ் (அலை) அவர்களின் மரக்கலத்தைத் திருமறையின் 54ஆம் அத்தியாயம் பலகைகளாலும் ஆணிகளாலும் ஆனதெனச் சுட்டுகிறது. மதீனத்துப் பள்ளியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறி நின்று உரையாற்றிய மிம்பரும் ஒரு தச்சரின் கைவேலையே. பலகை, ஆணி என்ற சொற்களைக் காணும்போதெல்லாம் எம் மனம் அவ்விரண்டுக்கும் நடுவே சொல்லப்படாமல் நிற்கும் ஒன்றை நினைத்துக்கொள்ளும். வைரம் பாய்ந்த மரத்தில் துளையிடாமல் ஆணி அடித்தால் பலகை பிளந்துபோகும். ஆணிக்கு முன்னால் துளை வந்தாக வேண்டும்.

எமது பட்டறைக்கு ஒரு துளைப்பொறி வாங்கிய கதையை இங்கே சொல்லப் போகிறோம். பொறி வாங்கியதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது என்று எமக்குத் தோன்றுகிறது. அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிட்டால் அவர்களும் ஒப்புவர்.

எமது வாப்பா மர்ஹூம் அவர்கள் கடற்கரையை ஒட்டிய எமதூரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மரவேலை செய்தவர்கள். அவர்களிடம் ஒரு துறப்பணம் இருந்தது. கையடக்கமான கட்டையில் கூரிய இரும்பு அலகு. கட்டையைச் சுற்றி வில்லின் நாண். இடக்கையால் கட்டையின் தலையை அழுத்திக்கொண்டு வலக்கையால் வில்லை இழுத்தும் தள்ளியும் துளையிடுவார்கள். இக்கருவியின் வயது மிகப் பெரிது. பலூசிஸ்தானத்து மெஹர்கர் அகழாய்வில், ஏழாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதரின் கடைவாய்ப் பற்களில் துளையிட்ட தடங்கள் இருந்ததை ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்டனர். கல் முனை பொருத்திய வில் துறப்பணமே அவ்வேலையைச் செய்திருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர்.

வாப்பா துளையிடும்போது சிறுவனாகிய எம்மைப் பக்கவாட்டில் நிறுத்திக்கொள்வார்கள். அலகு முன்னும் பின்னும் சாய்வது துளையிடுபவனுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவனுக்கே தெரியும். "சாயுதா வாப்பா?" என்று அவர்கள் கேட்பார்கள், மகனையும் வாப்பா என்றே அழைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சாய்ந்தால் சொல்வோம், உடனே நிமிர்த்துவார்கள். ஒரு துளைக்கு இரண்டு பேர் வேலை என்று அன்று எமக்குச் சலிப்பாக இருந்தது. அவர்களின் பொருத்துகள் ஏன் ஆடுவதே இல்லை என்பது வெகுநாள் கழித்தே விளங்கியது.

பின்னர் மின்சாரத்தால் ஓடும் கைத்துளைப்பொறி வந்தது. மின்விசையால் ஓடும் துளைப்பொறிக்கு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அர்னாட், பிரெய்ன் என்னும் இருவர் 1889ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றனர். கைத்துப்பாக்கியைப் போலப் பிடித்து விரலால் விசையை அழுத்தும் வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக், டெக்கர் இருவரும் 1917ஆம் ஆண்டு உரிமை பெற்றனர். எங்கள் பட்டறைக்கு அக்கருவி வந்த நாள்முதல் வாப்பாவின் துறப்பணம் சுவரில் ஏறிவிட்டது. பக்கத்தில் ஆள் நிறுத்தும் வழக்கமும் அதனோடு போயிற்று. அரை நிமிடத்தில் முடியும் துளைக்குக் காவல் எதற்கு என்று எண்ணிவிட்டோம்.

2013ஆம் ஆண்டு எங்கள் ஜமாஅத்தார் பள்ளிவாசலுக்குப் புதிய சந்தூக்கு ஒன்று செய்து தருமாறு எம்மிடம் கேட்டனர். பழையது கரையான் அரித்து இற்றுவிட்டது. ஊரார் அனைவரும் ஒருநாள் ஏறிச் செல்ல வேண்டிய வாகனம். அதைச் செய்யும் வாய்ப்பு எமக்குக் கிட்டியதே என்று மகிழ்ந்தோம். நல்ல தேக்கு வாங்கினோம். நான்கு கால்களையும் இரு நீளச் சட்டங்களோடு பத்து மில்லிமீட்டர் போல்ட்டுகளால் இறுக்குவது ஏற்பாடு. காலுக்கு இரண்டாக எட்டுத் துளைகள். காலும் சட்டமும் சேர்ந்து நான்கு அங்குலக் கனம்.

எம்மிடமிருந்த அலகு அவ்வளவு நீளமில்லை. ஆகவே இரு புறமிருந்தும் துளையிட்டு நடுவில் சந்திக்க வைக்கலாம் எனக் கருதினோம். கைப்பொறி இரண்டு பாகை சாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நான்கு அங்குல ஆழத்தில் அச்சிறு சாய்வு மூன்றரை மில்லிமீட்டர் விலகலாகிவிடுகிறது. மரத்தின் ரேகையும் அலகைத் தன் போக்கில் இழுக்கும். எட்டுத் துளைகளில் மூன்று நேராக அமைந்தன; ஐந்து நடுவில் ஒன்றையொன்று தவறவிட்டன.

அப்போது செய்த காரியத்தைத்தான் இப்பன்னிரண்டு ஆண்டுகளாக நினைத்து நாணுகிறோம். சட்டங்களை மாற்றியிருக்க வேண்டும். மாறாக, அந்த ஐந்து துளைகளையும் பெரிய அலகால் அகலப்படுத்தினோம், போல்ட்டு புகுந்தது. சுற்றிலும் இருந்த இடைவெளியைப் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்தோம். மேலே அகன்ற வாஷர் வைத்து இறுக்கி மெருகு பூசினோம். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். வாப்பா மட்டும் ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தொழுகைக்குப் போனார்கள். அவர்களுக்கு அப்போது கண் மங்கிவிட்டிருந்தது. விரல்கள் மங்கியிருந்தனவா என்பதை நாம் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2014இல், வாப்பா காலமானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதே சந்தூக்கில் அவர்களை வைத்துத் தோளில் ஏற்றினோம். பள்ளிவாசலைக் கடந்து கபுறடிக்குத் திரும்பும் தெருவில், எம் தோளுக்கு அருகிலிருந்த கால், அடி எடுத்து வைக்கும்தோறும் முனகியது. ஊரார் கலிமாவை ஓதிக்கொண்டு வந்தனர். அந்த ஒலிக்கிடையே வேறு எவர் காதிலும் அது விழுந்திராது. எமக்குக் கேட்டது. தம்பி எம்மைத் திரும்பிப் பார்த்தான், அவனுக்கும் கேட்டிருந்தது. காலும் சட்டமும் கழன்றுவிடவில்லை, விழவுமில்லை. ஆனால் தாம் பெற்ற மகன் மறைத்துவைத்த பிழையின் மீது அந்த மனிதர் தமது கடைசிப் பயணத்தைப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் முத்தவல்லி அவர்களிடம் போனோம். உறவில் எமக்கு மாமா முறை. நடந்ததைச் சொன்னோம். அவர்கள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டுல இன்னும் ஆளுங்க வந்துபோய்க்கிட்டுத்தான இருக்காங்க தம்பி? கொஞ்ச நாள் போகட்டுமே" என்றார்கள்.

"அடுத்த ஜனாஸா நாள் பார்த்தா மாமா வரும்?" என்றோம்.

அன்று மாலையே சந்தூக்கைப் பட்டறைக்கு எடுத்துவர ஒப்பினார்கள். கால்களையும் சட்டங்களையும் புதிதாக இழைத்தோம். துளைகளை மட்டும் எம் கையை நம்பி இடத் துணிவில்லை. பக்கத்து ஊரிலிருந்த ஒரு லேத் பட்டறைக்கு வண்டியில் ஏற்றிச் சென்றோம். அங்கே தூணோடு நிமிர்ந்து நின்ற பெரிய துளைப்பொறி இருந்தது. மரத்தை மேசையில் கிடத்தி, கைப்பிடியைச் சுழற்றினால் அலகு செங்குத்தாக இறங்குகிறது. இறங்கிய வழியே ஏறுகிறது. அது சாய நினைத்தாலும் தூண் விடுவதில்லை. எட்டுத் துளைகளும் கோடு கிழித்தாற்போல் அமைந்தன. பக்கவாட்டில் நின்று "சாயுதா?" என்று கேட்கப்படும் சிறுவன் இங்கே இரும்புத் தூணாக நிற்கிறான் என்று எமக்குத் தோன்றியது.

ஆனால் அங்கேயே மற்றொன்றையும் கண்டோம். அது இரும்புக்கான பொறி. மேசையெங்கும் எண்ணெய், தேக்கில் கறை படிந்தது. மேசையின் நடுவே பெரிய ஓட்டை இருந்ததால் அலகு வெளியேறும் இடத்தில் மரம் சிராய் சிராயாகப் பிய்ந்தது. பொறி நல்லது, ஆனால் அது எம் வேலைக்கென நிறுத்தப்பட்டதன்று. எமக்கென ஒன்று வேண்டும் என்ற முடிவோடு திரும்பினோம்.

சென்னை லிங்கிச் செட்டித் தெருவுக்குச் சென்று விசாரித்தபோது கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை எம்.எம். பாய்?" என்பதுதான். நம் நாட்டில் இப்பொறிகளுக்கு அளவு சொல்வது, இரும்பில் எவ்வளவு பெரிய துளையிடும் என்பதைக் கொண்டே. பதின்மூன்று, இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் என்று வகைகள். மேசைமேல் வைக்கும் சிறியதைப் பெஞ்சு டிரில் என்றும், தரையில் நிற்கும் தூணுடையதைப் பில்லர் டிரில் என்றும் அழைக்கின்றனர். பதின்மூன்று மில்லிமீட்டர்ப் பொறி தச்சனுக்குத் தாராளம் என்று சிலர் சொன்னார்கள். இரும்பையே துளைப்பது மரத்தைத் துளைக்காதா என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. ஆனால் மரம் கேட்கும் கேள்விகள் வேறு. அவற்றை ஒவ்வொன்றாகக் கற்றோம்.

முதற்கேள்வி, அலகின் மையத்துக்கும் பின்னாலுள்ள தூணுக்கும் இடைவெளி எவ்வளவு என்பது. இரும்பு வேலையில் துண்டுகள் சிறியவை. பெரும்பாலும் இது பொருட்டன்று. தச்சன் அகன்ற பலகையின் நடுவில் துளையிட வேண்டியவன். அந்த இடைவெளியைப்போல் இரு மடங்கு அகலமுள்ள பலகையின் நடுவைத்தான் அலகு எட்டும். அமெரிக்கர்கள் தம் பொறிகளுக்கு இந்த இரு மடங்கையே அளவாகச் சொல்கின்றனர். அவர்களின் பதினைந்து அங்குலப் பொறியில் அலகுக்கும் தூணுக்கும் ஏழரை அங்குலம் இருக்கும். நாம் பார்த்த சிறிய பெஞ்சு டிரில் ஒன்றில் இந்த இடைவெளி நான்கு அங்குலத்தைச் சிறிதே தாண்டியது. ஒரு முக்காலியின் பலகைக்கே அது போதாது.

இரண்டாவது, அலகு ஒரே மூச்சில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது. சிறிய பொறிகள் பலவற்றில் இது இரண்டு அல்லது இரண்டரை அங்குலத்தோடு நின்றுவிடும். கட்டிற்காலைத் துளைக்க அது பற்றாது. பாதி துளைத்து, மரத்தைப் புரட்டிப் போட்டு மறுபாதி துளைக்க வேண்டி வரும். சந்தூக்கில் எம்மைத் தலைகுனிய வைத்தது அந்தப் புரட்டல்தானே? நான்கு அங்குலத்துக்குக் குறைந்த இறக்கமுடைய எதையும் வாங்குவதில்லை என்று அன்றே மனத்தில் குறித்துக்கொண்டோம்.

மூன்றாவது, வேகம். இதில்தான் பலரும் தவறுவர். ஆறு மில்லிமீட்டர் அலகை நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று ஓட்டினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐம்பத்தாறரை மீட்டர் ஓடுகிறது. ஐம்பது மில்லிமீட்டர் அகலமுள்ள அலகை அதே சுற்றில் ஓட்டினால் விளிம்பு நானூற்று எழுபது மீட்டர் பறக்கும். மரம் கருகிப் புகையும், அலகின் கூர் நீலம் பாரித்துப் போகும். சிறிய அலகின் விளிம்பு வேகத்தைப் பெரியதும் பெற வேண்டுமானால் அதை முந்நூற்று அறுபது சுற்றுக்குக் குறைக்க வேண்டும். ஆகவே பொறியின் உச்ச வேகத்தைவிட அதன் மிகக் குறைந்த வேகம் என்ன என்று கேட்பதே தச்சனுக்கு அறிவுடைமை. பொறியின் தலையிலுள்ள படிப்படியான புல்லிகளில் பெல்ட்டை மாற்றி மாற்றிப் போடுவது இதற்காகத்தான்.

பெரிய அலகு தச்சனுக்கு எதற்கு என்று கேட்கலாம். இன்றைய அலமாரிக் கதவுகளில் உள்ளே மறையும் ஆட்டோ ஹிஞ்சு பொருத்துகிறோம். அதன் கிண்ணம் உட்கார முப்பத்தைந்து மில்லிமீட்டர் வட்டக் குழி வேண்டும். பலகையின் மறுபுறம் ஓட்டையாகிவிடவும் கூடாது. அடி தட்டையாக அமையும் இத்தகைய குழிகளுக்கு உதவும் அலகுக்கு ஃபார்ஸ்ட்னர் பிட் என்று பெயர். அமெரிக்காவில் துப்பாக்கி செப்பனிடும் தொழில் செய்த பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் என்பவர் 1874ஆம் ஆண்டு அதற்கு உரிமை பெற்றார். கைப்பொறியில் அதைப் பிடித்து ஓட்டுவது மணிக்கட்டுக்கு ஆபத்து. இறக்கத்தை வேண்டிய ஆழத்தில் தடுத்து நிறுத்தும் திருகு பொறியில் இருந்தால் நூறு கதவுக்கும் ஒரே ஆழம் கிடைக்கும்.

நான்காவது கேள்வியைப் பொறியிடமே கேட்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. அலகைப் பற்றும் சக்கில் நேரான உருக்குக் கம்பி ஒன்றை மாட்டிக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். கம்பியின் நுனி ஒரே இடத்தில் நின்று சுழல்கிறதா, சிறு வட்டம் போடுகிறதா என்று நோக்க வேண்டும். பிறகு அலகுத்தண்டை முழுவதும் கீழே இறக்கி, விரலால் பற்றி முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். புதிய பொறிகளிலும் ஆட்டம் கண்டோம். ஒரு கடையில் நாம் இவ்வாறு ஆட்டிப் பார்த்தபோது, "அதெல்லாம் ஓட ஓடச் சரியாயிடும்" என்று விற்பனையாளர் சிரித்தார். ஓட ஓட ஆட்டம் கூடுமேயன்றிக் குறைவதை நாம் கண்டதில்லை.

அதே கடையில் தவணைத் திட்டமும் எம்முன் விரிக்கப்பட்டது. சிறிது முன்பணம், மீதி மாதந்தோறும், வட்டி மிகவும் குறைவாம். பெரிய பளபளப்பான பொறி அன்றே வீடு வந்துவிடும். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மறைத்த பிழை ஒன்றிலிருந்து மீள்வதற்காக வாங்கும் பொறியை வட்டியின் மேல் நிறுத்தவா என்று மனம் கேட்டது. கையில் உள்ள பணத்துக்கு எது கிடைக்கிறதோ அது போதும் என்று எழுந்து வந்துவிட்டோம். புதியது என்ற எண்ணத்தை விட்டதும் தேடல் எளிதாயிற்று. பழையதைச் சோதிக்கும் வழியைத்தான் கற்றிருந்தோமே!

2015ஆம் ஆண்டு கோயம்புத்தூரில், முதுமையால் தம் தொழிற்கூடத்தை மூடவிருந்த பெரியவர் ஒருவர் பொறிகளை விற்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றோம். பம்பு உதிரிப் பாகங்கள் செய்தவர். மூலையில் இருபது மில்லிமீட்டர்ப் பில்லர் டிரில் ஒன்று நின்றது. வர்ணம் உரிந்திருந்தது. வார்ப்பிரும்பு மேசையில் தவறி இறங்கிய அலகுகளின் வடுக்கள் நாலைந்து. அளவெடுத்தோம். தூணுக்கும் அலகுக்கும் எட்டரை அங்குலம். இறக்கம் ஐந்து அங்குலம். மிகக் குறைந்த வேகம் முந்நூற்றுச் சொச்சம் சுற்று. மோட்டார் மும்முனை மின்சாரத்துக்கானது. எம் பட்டறையில் இழைப்புப் பொறிக்காக அவ்விணைப்பு முன்பே இருந்தது.

வளைத்த கம்பி ஒன்றைச் சக்கில் மாட்டி மேசையின் நான்கு புறமும் நுனி உரசுமாறு சுற்றினோம். இடமும் வலமும் சரியாக உரசிற்று. முன்புறம் ஒரு நூல் அளவு விலகிற்று. மேசையைத் தாங்கும் இடத்தில் மெல்லிய தகடு வைத்தால் தீரும். தண்டை முழுவதும் இறக்கி ஆட்டினோம், அசையவில்லை. மனம் நிறைந்து விலை பேசத் தொடங்கினோம். அப்போது பெரியவர் கையமர்த்தினார்.

"இருங்க பாய். நீங்க இன்னும் ஓட்டியே பாக்கலீங்களே" என்று விசையைப் போட்டார். பெல்ட்டை மேல் வேகத்துக்கு மாற்றி மீண்டும் ஓட்டினார். பொறியின் தலைக்குள்ளிருந்து மெல்லிய உறுமல் கேட்டது. "கீழ் பேரிங் போயிருச்சுங்க. ஆறு மாசமா சத்தம் வருது. மாத்தோணும். அந்தச் செலவக் கழிச்சுட்டே குடுங்க" என்றார்.

நீங்களே சொல்லாவிட்டால் எமக்குத் தெரிந்திராதே ஐயா என்றோம்.

"மறைச்சு வித்தா ராத்திரிக்குத் தூக்கம் வருமுங்களா?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.

விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது எம் மார்க்கம் எமக்குச் சிறுவயதிலேயே கற்பித்த பாடம். மதரஸாவில் ஓதியிருக்கிறோம், மேடைகளில் கேட்டிருக்கிறோம். அதை ஓதாத ஒருவர் தம் கடையின் கடைசி நாட்களில், எவ்விதக் கட்டாயமுமின்றி எம் முன்னே செய்து காட்டினார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எமக்குச் சிறிது நேரம் பிடித்தது. பசையும் மரத்தூளும் குழைத்த எம் கைகள் நினைவுக்கு வந்தன.

பொறியின் குறைகளை இருவகையாகப் பிரிக்கும் அறிவையும் அன்று அவரிடமே பெற்றோம். மாற்றக்கூடிய குறைகள் ஒருவகை: பேரிங், பெல்ட், சக்கு, மோட்டார். இவை தேயும், செலவு செய்தால் தீரும். தண்டு ஏறி இறங்கும் உறையின் தேய்மானமும், தூணின் கோணலும், வார்ப்பில் விழுந்த வெடிப்பும் மற்றொரு வகை. இவை இருந்தால் எவ்வளவு மலிவாயினும் கைவிட்டுவிட வேண்டும். உரிந்த வர்ணத்துக்கு அஞ்சியும் புது வர்ணத்தில் மயங்கியும் இந்த வேறுபாட்டைப் பலர் காணாது போகின்றனர்.

பொறி ஊர் வந்து சேர்ந்தது. பேரிங் மாற்றினோம். மின்னிணைப்புக் கொடுத்தபோது அது எதிர்த்திசையில் சுழன்றது. மின்பணியாளர் மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றியதும் நேரானது. தலை கனத்த பொறியாதலால் தரையில் போல்ட்டு இறக்கிப் பிணைத்தோம். இரும்பு மேசையின் மேல் அகன்ற பலகையொன்றைப் பதித்து, பின்னால் நகர்த்தி நிறுத்தக்கூடிய தடுப்புச் சட்டமும் அமைத்தோம். துளை விழும் இடத்தில் மாற்றிக்கொள்ளத்தக்க சிறு கட்டை ஒன்றை வைத்தோம். துளைபடும் மரத்தின் அடிப்பாகம் அக்கட்டையோடு ஒட்டியிருப்பதால் இப்போது சிராய் பிய்வதில்லை. இரும்புக்காகப் பிறந்த பொறி இவ்வாறு மரத்துக்கு உரியதாயிற்று.

வேலை கற்கும் பிள்ளைகளுக்குச் சில விதிகளையும் வகுத்தோம். ஜிப்பாவின் கையை முழங்கைக்கு மேல் மடிக்க வேண்டும். கழுத்தில் துண்டு கூடாது. கையுறை கூடவே கூடாது, சுழலும் அலகு துணியைப் பற்றினால் கையையும் சேர்த்தே இழுக்கும். சக்கின் சாவியைக் கழற்றிய பிறகே விசையைத் தொட வேண்டும். இன்று எங்கும் வழங்கும் சாவியுள்ள சக்குக்கு 1902ஆம் ஆண்டு உரிமை பெற்ற ஆர்தர் ஜேக்கப்ஸ், பழைய வகைச் சக்கில் விரல் மொளி அடிபட்டதால்தான் அதை அமைக்க முற்பட்டார் என்பர். மேலிருந்து பார்த்தால் அலகு கடிகார முள்ளைப்போல் சுழலும். ஆகவே நீண்ட மரத்தின் இடப்பக்கம் தூணில் சாய்ந்திருக்க வேண்டும். அலகு கடித்துச் சுழற்றினாலும் தூண் தடுத்துக்கொள்ளும். பிள்ளையின் வயிற்றில் வந்து அடிக்காது. முடிந்தவரை மரத்தைப் பிடிப்பானால் இறுக்கவே சொல்கிறோம்.

பொறி வந்த மறுவாரமே செய்த முதல் வேலையும் அதே சந்தூக்குக்கானதே. லேத் பட்டறையில் இட்ட துளைகள் நேராக இருந்தாலும் அடியில் பிய்ந்த சிராய்கள் எம் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தன. எவரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். நான்கு கால்களையும் மீண்டும் ஒருமுறை புதிதாகச் செய்து மாற்றினோம். முத்தவல்லி மாமா அவர்கள் பட்டறைக்கு வந்து, துளையில் ஒரு கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தார்கள். "மறுபக்கம் தெருவு தெரியுதே!" என்று சிறுபிள்ளைபோல் சிரித்தார்கள். 2019ஆம் ஆண்டு அவர்களையும் அதிலேயே தூக்கிச் சென்றோம். கபுறடி வரை எம் காது அந்தக் காலருகிலேயே இருந்தது. கலிமாவைத் தவிர வேறு ஒலி கேட்கவில்லை. அல்ஹம்து லில்லாஹ்.

வாப்பாவின் துறப்பணத்தைப் பொறிக்கு அருகிலேயே மாட்டி வைத்திருக்கிறோம். பட்டறைக்கு வருவோர், எந்தப் பொறி வாங்கலாம், எத்தனை குதிரைத்திறன், என்ன விலை என்று கேட்கின்றனர். தூணுக்கும் அலகுக்கும் உள்ள இடைவெளியையும், இறங்கும் ஆழத்தையும், குறைந்த வேகத்தையும், ஆட்டத்தையும் பாருங்கள் என்று மேலே எழுதியவற்றையே சொல்கிறோம். இவற்றையெல்லாம் பார்த்து வாங்கிய பொறியிலும் பிழை நேரும். நேற்றுகூட அளவு தவறி ஒரு சட்டம் வீணாயிற்று. அதை இட்ட பையன் பெட்டியிலிருந்து பசையை எடுக்கக் கை நீட்டினான். நாம் ஒன்றும் சொல்லவில்லை; புதிய மரம் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தோம்.

எவர் கண்ணுக்கும் படாத இடத்தில் நாம் செய்தவற்றையும் அறிபவன் ஒருவன் இருக்கின்றான். அவன் வாப்பா அவர்களின் கபுறை விசாலமாக்குவானாக! அந்த ஐந்து துளைகளுக்காக எம்மையும் மன்னிப்பானாக! ஆமீன்.